சாவு வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்: தோட்டத் தலைவர்மாருக்கும் கோயில் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோட்டத் தலைவர்மாருக்கும், கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கும், மாதர் சங்கத் தலைவிமாருக்கும் வணக்கம்.

இந்த மடலை ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் எழுதவில்லை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, அப்புறம் ஊவாப் பக்கம் ஹப்புத்தளை, பசறை, பூனாகலை என்று எங்கெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு தலைவரும் ஒரு கோயில் கமிட்டியும் இருக்கிறீர்கள். தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லிக் கேட்காத ஆட்கள்கூட நீங்கள் சொன்னால் கேட்பார்கள். கல்யாணம், சடங்கு, திருவிழா, சாவு எதுவும் உங்களைத் தாண்டி நடப்பதில்லை. அதனால்தான் சுகாதார அமைச்சுக்கு எழுதுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பபூன் வேஷம் கட்டிய அண்ணனை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். ரதி அழுதுகொண்டிருக்கும்போது இவர் உள்ளே நுழைந்து ஒரு நடை நடந்தால் போதும், கிழவிமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். துரை பேசுகிற தமிழ், கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையின் முகம் போகிற போக்கு, தேர்தல் மேடைப் பேச்சு எல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்போது அவர் இல்லை. எப்படிப் போனார் என்று இங்கே எழுத மாட்டேன். அவருடைய பிள்ளைகள் இன்னும் பாடசாலைக்குப் போகிறார்கள். அவர் போன அன்று சாவு வீட்டில் எல்லார் வாயிலும் இரண்டே பேச்சுத்தான். ஒன்று, "ஊரையே சிரிக்க வச்ச மனுசனுக்கு என்ன குறை?" மற்றது, "குடிதான். வேற என்ன?" முதல் கேள்விக்கு யாரும் பதில் தேடவில்லை. இரண்டாவதைச் சொன்னதோடு எல்லாருக்கும் விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. நான் டொக்டர் இல்லை, தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிற ஆசிரியை. வாசித்ததையும், வைத்தியசாலைக் கிளினிக்குகளில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், லயத்தில் கண்ணால் கண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

சிரிக்க வைப்பவனுக்குத் துன்பமே இருக்காது என்று நாம் நம்புவது இன்று நேற்று வந்ததல்ல. சினிமா நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இலங்கை வானொலியில் அவருடைய பாட்டுப் போனால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்பார்களாம், என் அப்பா சொல்வார். அவர் நம் நாட்டில் வளர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1927இல் தூத்துக்குடியில் பிறந்தார். தகப்பனார் சுதந்திரப் போராட்டக்காரர். வெள்ளைக்காரன் அவரை இலங்கைக்கு அனுப்பிவிட, பிள்ளையும் கொழும்பில்தான் வளர்ந்தது, படித்தது. பிறகு மெட்ராசுக்குப் போய், சினிமாவில் நல்ல வேஷம் கிடைக்காமல் அலைந்து நொந்துபோய், 1952இல் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தார். காப்பாற்றிவிட்டார்கள். அன்றைய சட்டப்படி அப்படிச் செய்ய முயன்றதே குற்றம், ஆகவே பொலிஸ் அவரைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே அவர் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையையே சுட்டுக்கொண்டாராம். நான் சுட்டுக்கொண்டதை நீங்கள் பார்க்கலாம், எனக்கு எரிவது உங்களுக்குத் தெரியாது, என் துன்பமும் அந்த மாதிரித்தான் என்ற அர்த்தத்தில் நீதிபதியிடம் சொன்னாராம். அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் பெரிய ஆளானார். அதற்குப் பிறகுதான் எல்லாம் கையை விட்டும் போனது. கல்யாணம் நிலைக்கவில்லை. சொந்தமாகப் படம் எடுக்கப் போய்க் கடனில் விழுந்தார். குடியும் போதை ஊசியும் பிடித்துக்கொண்டன. 1974 மார்ச் மாதம், 46 வயதில் போய்ச் சேர்ந்தார். "குடிச்சே அழிஞ்சான்" என்று இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். குடியால் பேர் கெடுவதற்கு எவ்வளவோ காலம் முன்னால், இருபத்தைந்து வயதுப் பையனாக அந்தக் கோர்ட்டில் நின்றவரை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

இளைய தலைவர்மாருக்கு இன்னொருவரைச் சொல்கிறேன். கமல் மாமி வேஷம் கட்டிய 'அவ்வை சண்முகி' 1996இல் வந்தது. திருவிழா ராத்திரியில் வீடியோ டெக் எடுத்து அதைப் போடாத லயம் குறைவு. அந்தக் கதைக்கு முன்மாதிரியாக இருந்த 1993ஆம் வருட ஆங்கிலப் படத்தில் கிழவி வேஷம் போட்டவர் ரொபின் வில்லியம்ஸ். உலகமே சிரித்த மனிதர். 2014 ஓகஸ்ட் 11ஆம் திகதி கலிபோர்னியாவில், தன் வீட்டில், 63 வயதில் உயிரை முடித்துக்கொண்டார். செய்தி வந்த அன்றைக்கே எல்லாரும் காரணம் சொல்லிவிட்டார்கள்: குடி, போதை, மனச்சோர்வு. சொல்வதற்கு இடமும் இருந்தது. இளமையில் கொக்கெயினும் குடியுமாக இருந்ததை அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். 1982இல் அவருடைய கூட்டாளியான ஜோன் பெலுஷி என்ற நகைச்சுவை நடிகர் போதை கூடி இறந்துபோனார். அந்த அதிர்ச்சியும், பிறக்கப் போகிற பிள்ளையும் சேர்ந்து ரொபினை நிறுத்த வைத்தன. ஏறத்தாழ 20 வருஷம் ஒரு சொட்டுத் தொடவில்லை. 2003இல் அலாஸ்காவில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் திரும்பவும் குடித்தார். 2006இல் தானே போய்ச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார்.

ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தபோது அவர் உடம்பில் குடியும் இல்லை, போதையும் இல்லை. மூளை முழுக்க லூயி பொடி என்கிற ஒரு வகைப் புரதக் கழிவு படிந்திருந்தது. மறதி, நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத பயம், யாரைப் பார்த்தாலும் சந்தேகம் எல்லாம் தருகிற மூளை நோய் அது. அந்த வருஷம் மே மாதம் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்றுதான் டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். கடைசிப் படங்களில் வசனம் மனதில் நிற்காமல் தவித்ததை அவருடைய மனைவி 2016இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். புருஷனுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமலே அத்தனை மாதமும் கூட இருந்திருக்கிறார் அந்த அம்மா.

மனச்சோர்வு அவருக்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, இருந்தது. பழைய குடி ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல வரவில்லை. முதல் நாளே காரணம் சொன்ன கோடிக்கணக்கான பேருக்குப் பாதி உண்மைகூடத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். காசு, புகழ், நல்ல டொக்டர்மார் எல்லாம் இருந்த ஒருவருக்கே செத்த பிறகுதான் நோய் பிடிபட்டது என்றால், டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு மலைக்குப் போன நம் அண்ணனைப் பற்றிச் சாவு வீட்டு வாங்கிலில் உட்கார்ந்து நாம் எப்படி முடிவு சொல்ல முடியும்?

மனச்சோர்வு நம் லயத்துக்குள் வரும்போது தன் பேரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மேல் வலி, தலைப் பாரம், நெஞ்சடைப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் வரும். என் வகுப்புப் பிள்ளை ஒன்று பல நாளாக இடைவேளைக்குச் சாப்பாடு கொண்டு வரவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பகல் நேரம். அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சோறு அடிப்பிடித்துப் புகை வந்துகொண்டிருந்தது. அவருடைய கை அகப்பையில்தான் இருந்தது, கிண்டத் தோன்றவில்லை. நான் பானையை இறக்கி வைத்தபோதுதான் ஆள் வந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. "ஒன்னுமில்லிங்க டீச்சர், தூக்கமில்ல" என்றார். அந்த அம்மாவைத் தோட்டத்தில் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் பிந்தி வருகிறவள், அரைநாள் வேலைக்கு அரைப்பேர் போட்டுக்கொண்டு போகிறவள், சோம்பேறி. தூக்கம் கெட்டு, பசி கெட்டு, முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், நான் இருந்து யாருக்கு என்ன என்ற நினைப்போடு இரண்டு கிழமைக்கு மேல் ஒருவர் இருந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டிய வருத்தம் அது. அந்த அம்மா பிறகு கிளினிக்குக்குப் போனார். கொடுத்த குளிசை முதல் நாளே வேலை செய்யவில்லை. இந்தக் குளிசைகள் வேலை செய்ய இரண்டு கிழமையிலிருந்து ஆறு கிழமை வரைக்கும் பிடிக்கும். முதல் கிழமையிலேயே "இது சரிவராது" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம். அவரை நிறுத்த விடாமல் பார்த்துக்கொண்டது அவருடைய மாமியார். அந்தக் கிழவிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் காலையும் இரவும் குளிசையை எண்ணிக் கையில் வைத்தார்.

குடிக்கு வருகிறேன். ஆண்கள் பலருக்கு இந்த வருத்தம் குடிக்குள் ஒளிந்துகொள்கிறது. (பெண்களுக்கும்தான். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.) முதல் கிளாசில் பயம் விடும், தூக்கம் வரும். அந்தத் தூக்கம் விடியப்புறம் உடைந்துவிடும், மனம் இன்னும் இருண்டு கிடக்கும். அதற்கு மருந்தாக அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மாதக்கணக்கில் இப்படிப் போனால் சாராயம் இருப்பதையே இயல்பு என்று மூளை எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால்தான் அது தடுமாறுகிறது. காலையில் கால் போத்தலோடு நிற்கிற மனிதனைப் பார்த்து "விடிஞ்சதும் சந்தோஷத்தப் பாரு" என்கிறோம். அவர் குடிப்பது கவ்வாத்துக் கத்தியைக் கை நடுங்காமல் பிடிப்பதற்கு. சந்தோஷம் போய் வருஷக்கணக்காகியிருக்கும்.

துக்கத்தால் குடித்தாரா, குடியால் துக்கம் வந்ததா என்று கேட்டால் டொக்டர்மாரே உடனே பதில் சொல்ல மாட்டார்கள். குடியை நிறுத்த வைத்துச் சில கிழமைகள் பார்ப்பார்கள். சிலருக்கு மனம் தானாகவே தெளியும். சிலருக்குக் குடி போன பிறகும் இருட்டுப் போகாது. அவர்களுக்கு அதற்கென்று தனிச் சிகிச்சை வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பிடித்துத் திருத்தப் பார்த்தால் ஆள் திரும்பவும் விழுவார்.

கமிட்டிப் பெரியவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். எங்கள் லயத்தில் ஒருவர் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது மாரியம்மன் சந்நிதியில் சத்தியம் செய்து, அன்றைக்கே குடியை விட்டார். பல வருஷமாகத் தினமும் குடித்தவர். எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறதென்று தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து நூல் நூலாக எதையோ உருவினார். செத்துப்போன தாயைக் கூப்பிட்டுப் பேசினார். முனி அடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கை விடிய விடிய அடித்தது. வெளுக்கிற நேரம் அவருக்கு வலிப்பு வந்தது. கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்தார். கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் தங்கியிருக்காது என்று வாட்டில் சொன்னார்களாம்.

அது முனியும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. நாள்பட்ட குடியைத் திடீரென்று அறுக்கும்போது மூளை படுகிற பாடு அது. வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பதும் பிதற்றுவதும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் வரும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். வைத்தியசாலையில் வைத்து நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் என்கிற விட்டமினும் கொடுத்தால் அந்தச் சில நாளைப் பத்திரமாகக் கடத்திவிடலாம். நான் சத்தியத்துக்கோ காப்புக்கோ எதிரானவள் இல்லை. அம்மன் முன்னால் கொடுத்த வாக்கில் நின்று மீண்டவர்களை எனக்குத் தெரியும். காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஆளை டொக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவர் என்றால், தானாக வீட்டில் நிறுத்தச் சொல்லவே சொல்லாதீர்கள். பூசாரியும் தலைவரும் சேர்ந்து சொன்னால் அவர் வைத்தியசாலைக்குப் போவார். மனைவி சொன்னால் போகமாட்டார், இது உங்களுக்கே தெரியும்.

அப்புறம், திரும்பக் குடிக்கிறவர்கள். நம் தோட்டங்களில் ஒரு முறை சத்தியம் செய்து தவறினால் ஆள் அவ்வளவுதான். தண்டம் போடுகிறோம். திருவிழாவில் பரிவட்டம் இல்லை, கூட்டத்தில் பேச இடமில்லை. கோயில் முற்றத்தில் எல்லார் முன்னாலும் விழுந்து கும்பிட வைத்ததைப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். 20 வருஷம் தொடாமல் இருந்த ரொபின் வில்லியம்ஸ் திரும்பத் தொட்டார். அது சத்தியத்தை மதிக்காத குணமா? குடித்த காலத்தில் மூளை படித்துக்கொண்ட பாடம் எளிதில் அழியாது. அந்த இடம், அந்த மணம், அந்தக் கூட்டாளி, சம்பளம் கையில் வந்த அந்தச் சாயங்காலம், எது வேண்டுமானாலும் பழைய ஆசையை எழுப்பிவிடும். நம் ஆட்களுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிற பாதையிலேயே தவறணை. சீனி வருத்தக்காரர் ஒருவருக்குச் சீனி ஏறிவிட்டால் மாலை மரியாதையை நிறுத்துவோமா, கிளினிக்குக்குத் திரும்பப் போ என்று சொல்வோமா? இவரையும் அப்படித்தான் அனுப்ப வேண்டும், எத்தனை தடவையானாலும். 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டொக்டரும், இரண்டு பேருமே குடியில் விழுந்தவர்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்ததில் தொடங்கியதுதான் குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற சங்கம். இன்று உலகம் முழுக்க இருக்கிறது. ரொபினும் அதில் போய் உட்கார்ந்தவர்தான். நம் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்த பிறகு, மீண்டவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேச ஒரு பாய் விரித்துக் கொடுப்பதற்கு என்ன செலவு?

மரணாதாரச் சங்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர், குடியால் இறந்தவர் என்று பேர் வந்துவிட்டால் சங்கக் காசை இழுத்தடிப்பது, தப்பு அடிக்க வேண்டாம் என்பது, கருமாதிக்குக் கமிட்டி போகாமல் இருப்பது, இதெல்லாம் சில தோட்டங்களில் நடக்கிறது. அண்ணனுடைய வீட்டிலும் நடந்தது. மாதாமாதம் அவர் சந்தா கட்டியிருக்கிறார். காசு கொடுக்காமல் விட்டால் இறந்தவருக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைகள்தான் குனிந்துகொண்டு பாடசாலைக்கு வருகின்றன. அதைவிட முக்கியம், இன்றைக்கு அதே நினைப்போடு படுத்திருக்கிற இன்னொருவர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன்னைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்துகொண்டு இன்னும் வாயை மூடிக்கொள்கிறார். சந்திரபாபுவைக் கோர்ட்டில் நிறுத்திய மாதிரிச் சட்டம் நம் நாட்டிலும் இருந்தது. 1998இல் அதை எடுத்துவிட்டார்கள். உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரைச் சட்டம் குற்றவாளி என்று சொல்வதில்லை. கமிட்டி மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

"சாகணும்னு நெனச்சவன் எப்படியும் சாவான், யாரால தடுக்க முடியும்" என்று பெரியவர்கள் சொல்வீர்கள். இதை மட்டும் நான் உறுதியாக மறுப்பேன், ஏனென்றால் நம் நாடே அதற்குச் சாட்சி. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று. அந்த வருஷத்திலிருந்து அரசாங்கம் மிக நச்சான பூச்சிமருந்துகளையும் களைமருந்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது வருஷத்தில் தற்கொலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. அந்தத் தடைகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பியதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. அந்தக் கொடிய நேரம் சில மணித்தியாலத்தில், சில சமயம் சில நிமிஷத்தில் கடந்துபோகும்; அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் நஞ்சு இல்லை என்றால் ஆள் பிழைத்து எழும்பிவிடுகிறார். ஆகவே தலைவர்மாரே, மருந்தடிக்கிறவர்கள் மிச்ச மருந்தைப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டு வருவதை நிறுத்துங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கியதையும் லயக் காம்பராவுக்குள் வைக்க விடாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் பேசி, ஸ்டோரிலேயே பூட்டி வைக்க ஓர் அலுமாரி கேளுங்கள்.

ஒருவர் அப்படி நினைக்கிறார் என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "சாகலாம்னு தோணுதா?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறோம். ஆகாது. கேட்டதற்கே அழுது, நெஞ்சு இறங்கி, பேசத் தொடங்குவார்கள். அவர்களைத் தனியே விடாதீர்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், பகல் இரவு எந்நேரமும் எடுக்கலாம். 1333 காசில்லாமல் எடுக்கலாம். இரண்டிலும் தமிழில் பேசலாம். இந்த இரண்டு இலக்கத்தையும் கோயில் சுவரிலும், பிரட்டுக்களத்திலும், பிள்ளைக் காம்பராவிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

தொழிற்சங்கக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக நீங்கள் எத்தனை வருஷம் வீதியில் நின்றீர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயத்தை மூடியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையைப் புரட்டிப் போட்டபோதும், வீட்டுக்கும் காணிக்கும் குரல் கொடுத்தீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். குடும்பத்தை மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்தவர் ராத்திரி எப்படிப் படுக்கிறார் என்பதும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் வர வேண்டும். நம் மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் தமிழில் பேசக்கூடிய மனநல டொக்டர், தமிழ் தெரிந்த உளவளத்துணையாளர் வேண்டும் என்று கேளுங்கள். நெஞ்சுவலி என்று போனால் ஈசிஜி எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள், பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மன வருத்தத்துக்குப் பேச்சுத்தான் பரிசோதனை. சிங்களம் தெரியாத ஒரு தாய் பக்கத்துக் கட்டில்காரியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு "எனக்குச் சாக வேணும் போல இருக்கு" என்று எப்படிச் சொல்வாள்? மகனை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனால் அவன் முன்னால் எதைச் சொல்வாள்? தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று அரசியல் யாப்பில் இருக்கிறது, புதிதாக ஒன்றையும் நாம் கேட்கவில்லை. அதோடு, கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டப்படாமல் இருக்கவும் நிர்வாகத்திடம் பேசுங்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மாதாமாதம் கிளினிக்குக்குப் போக நம்மில் எத்தனை பேரால் முடியும்?

தேர்தல் வந்தால் லயத்துக்கு லயம் போத்தல் இறங்குவதைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை, நீங்களே அறிவீர்கள். ஒருவர் கஷ்டப்பட்டு மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிற குடியை ஒரே ராத்திரியில் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கிறோம். மேலதிக வேலைக்குச் சாராயத்தைக் கூலியாகக் கொடுக்கிற பழக்கமும் அங்கங்கே இருக்கிறது. இதை நிறுத்த அரசாங்கம் வர வேண்டியதில்லை. தலைவர் வாசலில் நின்று வேண்டாம் என்றால் போதும். இப்போது பையன்களிடம் ஐஸ் என்கிற போதைப்பொருள் வந்திருக்கிறது. அவர்களைப் பொலிசில் பிடித்துக் கொடுப்பதைத் தவிர வேறு யோசனையே யாருக்கும் வரவில்லை. அவர்களில் பலர் என்னிடம் படித்த பிள்ளைகள். விற்கிறவனும், விழுந்து கிடக்கிறவனும் ஒரே ஆள் இல்லை. விழுந்தவனுக்கு முதலில் டொக்டர் வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு விஷயமாக எடுங்கள். தோட்டத்து மருந்துக்காரரையும், பக்கத்து ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவில் இருக்கிற ஒருவரையும் கூப்பிடுங்கள். லயத்துக்கு ஒருவரை, ஆணோ பெண்ணோ, ரகசியம் காப்பவராகப் பார்த்து நியமியுங்கள். கிளினிக் எந்தக் கிழமை, எந்த பஸ், எந்த அறை என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும், முதல் தடவை அவரே கூடப் போகலாம். எந்தத் தோட்டத்தில் கூட்டம் வைத்தாலும் வந்து பேச நான் தயார். ஞாயிற்றுக்கிழமையிலும் போயா நாளிலும் எனக்குப் பாடசாலை இல்லை. சிங்களம் தெரியாத அம்மாமாரோடு வைத்தியசாலைக்குப் போக ஆள் இல்லையென்றால் லீவு போட்டுக்கொண்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி